தடாகத்து விளக்கை மட்டும் விற்காதீர்கள்

புறக்கோட்டையில் மின்சாரப் பொருள் வியாபாரத்தில் இருபத்தெட்டு வருடங்களாக இருந்து வருகிறேன். திரும்பி வரும் காசோலைகள், கடன் வியாபாரம், டொலர் விலை என்று இந்தப் பத்தியில் இதுவரை எழுதியவற்றில் பெரும்பாலானவை மற்றவர்கள் விட்ட பிழைகளைப் பற்றியவை. இம்முறை எழுதப்போவது என்னுடைய கடைக் கவுண்டரில் நான் விட்ட பிழையைப் பற்றி. மின்சாரப் பொருள், ஹாட்வெயார், தண்ணீர்ப் பம்ப் விற்கும் சகோதரர்களும், சிறிய அளவில் சுற்றுலா விடுதி நடத்தும் நம்மவர்களும் இதைச் சற்றுப் பொறுமையாக வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் பொத்துவிலைச் சேர்ந்த ஒரு தம்பி கடைக்கு வந்தார். அறுகம்பேயில் ஆறு அறைகள் கொண்ட விடுதி ஒன்றை நடத்துபவர். சீசன் தொடங்குமுன் முற்றத்தில் சிறியதொரு நீச்சல் தடாகம் கட்டி முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் இருந்தார். 12 வோல்ட் நீல நிற எல்.ஈ.டி. விளக்கு மூன்று, ஒரு குதிரை வலு பம்ப் ஒன்று, வயர் இரண்டு சுருள். இதுதான் அவருடைய பட்டியல். விளக்குக்கு ட்ரான்ஸ்போமரும் எடுக்க வேண்டும் என்று சொன்னேன். விலையைக் கேட்டார். மூன்று விளக்குகளின் விலையில் பாதிக்குக் கிட்ட வந்தது.

"எங்கட வயரிங் பாஸ்கிட்ட ஏதோ ஒண்டு இரிக்காம் காக்கா. லைட்ட மட்டும் தாங்க" என்றார்.

நானும் கொடுத்தேன். பில்லைப் போட்டு, பிளேன்டீ கொடுத்து அனுப்பினேன். அந்த 'ஏதோ ஒண்டு' என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வியாபாரம் தவறிப்போகும் என்று நினைத்தேனா, கேட்பது என் வேலை இல்லை என்று நினைத்தேனா என்று இப்போது யோசித்துப் பார்த்தால் இரண்டும்தான் என்று தோன்றுகிறது.

அடுத்த வருடம் ஆகஸ்ட் மாதம், இரவு பத்து மணிக்குப் பிறகு அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. குருநாகலில் இருந்து வந்த ஒரு குடும்பம் தடாகத்தில் குளித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று ஏறுவதற்காக ஏணியைப் பிடித்துவிட்டு, 'வாப்பா, ஏணி கடிக்கிது' என்று அழுதிருக்கிறது. தகப்பன் விளையாட்டென்று நினைத்துத் தானும் பிடித்துப் பார்த்திருக்கிறார். அவருக்கும் கை 'ஜிவ்' என்று இழுத்திருக்கிறது. அந்தக் குடும்பம் அன்றிரவே அறையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டது. தம்பியின் கவலை அவர்கள் இணையத்தில் என்ன எழுதப்போகிறார்கள் என்பதில் இருந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது வேறு விடயம். மெயின் சுவிட்சை உடனே அணைக்கச் சொன்னேன். தடாகத்தில் ஒருவரையும் இறக்க வேண்டாம் என்றும் சொன்னேன். மறுநாள், ஓய்வுபெற்ற மின் பொறியியலாளரான நண்பர் ஒருவரை அழைத்துக்கொண்டு அறுகம்பேக்குப் புறப்பட்டேன்.

அங்கே கண்டதை ஒளிக்காமல் எழுதுகிறேன். பாஸ் வைத்திருந்த 'ஏதோ ஒண்டு' என்பது கடைப் பெயர்ப் பலகைகளுக்குப் பூட்டும் 12 வோல்ட் பவர் பெக். நம் கடைகளிலேயே குறைந்த விலைக்கு விற்கிறோமே, அந்த ஓட்டைத் தகரப் பெட்டிதான். பம்ப் குழிக்குள் ஓர் ஆணியில் அதைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதன் ஏர்த் முனையில் வயரே இல்லை. உப்புக் காற்றில் பெட்டி துருப்பிடித்துப்போயிருந்தது. பம்புக்குத் தனியான ட்ரிப் சுவிட்ச் கிடையாது. வீட்டுக்கென்று இருந்த ட்ரிப் சுவிட்சையும் பாஸ் 'நேராக்கி' இருந்தார். முந்திய மாதம் பம்ப் குழிக்குள் குழாய் கசிந்து தண்ணீர் நின்றபோது ட்ரிப் திரும்பத் திரும்ப விழுந்திருக்கிறது. ஆறு அறையிலும் ஆட்கள். ஏசி இல்லை, விளக்கு இல்லை. 'கரைச்சல் தாங்க ஏலாது' என்று முதலாளியே சொல்ல, பாஸ் வயரை நேரடியாக இணைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

பொறியியலாளர் நண்பர் மீற்றரை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்ன விளக்கம் எனக்கே புதிது. அந்தப் பவர் பெக்குக்குள் மின் இரைச்சலை வடிகட்டுவதற்காகச் சிறிய மின்கொள்ளளவிகள் வைத்திருப்பார்கள். ஏர்த் கொடுக்காவிட்டால் அவற்றினூடாகப் பெட்டியின் உடலுக்கும் வெளியே போகும் வயருக்கும் மின்னழுத்தம் ஏறிவிடும். வரும் கரண்ட் மிகக் குறைவு, ஆனால் ஈரக் கைக்கு அது தெரியும். விளக்கின் எவர்சில்வர் வளையத்தினூடாக அது தண்ணீருக்கு வந்திருக்கிறது. ஏணியோ கொங்கிரீட்டில் புதைந்து நிலத்தோடு தொடர்பாக இருக்கிறது. ஆக, தண்ணீர் ஓர் அழுத்தத்திலும் ஏணி இன்னோர் அழுத்தத்திலும் இருக்க, இரண்டையும் இணைக்கும் வயராகப் பிள்ளையின் உடல் ஆகிவிட்டது.

"இண்டைக்கு ஜிவ் எண்டது. இந்தப் பெட்டிக்குள்ள ஒரு காவல் உருகினா 230 வோல்டும் தண்ணிக்கி வரும். வந்தா அறுக்க இஞ்ச ட்ரிப்பும் இல்ல" என்றார் நண்பர். தம்பி ஒன்றும் பேசாமல் தடாகத்தின் கரையில் உட்கார்ந்துவிட்டார்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2017 ஜூன் மாதம் துருக்கியின் சக்கார்யா மாகாணத்தில் அக்யாஸி என்ற ஊரிலுள்ள நீர்ப் பூங்கா ஒன்றில் ஐந்து பேர் தடாகத்தில் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். அவர்களில் மூவர் பிள்ளைகள். மற்ற இருவர் பூங்காவை நடத்தியவரும் அவருடைய மகனும். பிள்ளைகளைக் காப்பாற்றவென்று தண்ணீரில் இறங்கியவர்கள் அவர்கள். விடுதி நடத்தும் சகோதரர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். தடாகத்தில் ஒரு பிள்ளை துடித்தால் முதலில் குதிப்பது யார்? முதலாளி, அல்லது அவருடைய மகன், அல்லது அங்கே வேலை செய்யும் பையன். 2014 ஏப்ரலில் அமெரிக்காவின் வட மியாமிப் பகுதியில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் தன் சொந்த வீட்டுத் தடாகத்தில், விளக்கின் மின் கோளாறினால் இறந்தான். அங்கு வீட்டு மின்சாரம் 120 வோல்ட். நம்முடையது 230. 2024 ஜூனில் மெக்சிக்கோவின் புவேர்ட்டோ பெனாஸ்கோ என்ற கடற்கரை ஊரில் உல்லாச விடுதியொன்றின் ஜக்கூசியில் 43 வயது அமெரிக்கப் பயணி ஒருவர் மின்சாரம் தாக்கி இறந்தார். அவருடைய மனைவி காயங்களோடு தப்பினார். குடும்பம் பத்து இலட்சம் டொலருக்கு மேல் நட்டஈடு கேட்டு வழக்குத் தொடுத்தது.

கரண்ட் அடித்து எல்லோரும் உடனே இறப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பத்து மில்லி அம்பியர் அளவிலேயே கை கால் தசைகள் நம் சொல்லைக் கேட்காமல் இறுகத் தொடங்கும். ஏழு வாட்ஸ் பல்பு ஒன்று எடுப்பது ஏறத்தாழ 30 மில்லி அம்பியர், அதில் மூன்றில் ஒரு பங்குதான் இது. தரையில் நிற்பவன் விழுந்தாலாவது தப்புவான். தண்ணீரில் இருப்பவனோ நீந்த முடியாமல் அப்படியே மூழ்கிவிடுவான். பிறகு, 'நீச்சல் தெரியாமல் மூழ்கிவிட்டார்' என்று கதை முடிந்துவிடும்.

இனி விடயத்துக்கு வருவோம். நமது நாட்டில் வயரிங் வேலைக்கு அடிப்படையாகக் கொள்வது பி.எஸ். 7671 என்ற பிரித்தானிய விதிகளை. அவற்றில் நீச்சல் தடாகத்துக்கென்றே 702 என்ற தனிப்பகுதி இருக்கிறது. தடாகத்தின் உட்புறத்தைச் சைபர் வலயம் என்கிறார்கள். விளிம்பிலிருந்து 2 மீற்றர் தூரம் வரைக்கும், தரையிலிருந்து 2.5 மீற்றர் உயரம் வரைக்கும் முதலாம் வலயம். அதற்கப்பால் இன்னும் 1.5 மீற்றர் இரண்டாம் வலயம். ஆக, தடாகத்தைச் சுற்றி மூன்றரை மீற்றருக்குள் என்ன வைத்தாலும் அது சாதாரண வீட்டு வயரிங் இல்லை. தண்ணீருக்குள் இருக்கும் விளக்குக்கு 12 வோல்டுக்கு மேற்படாத மின்சாரம்தான் கொடுக்கலாம். நேரோட்ட மின்சாரமாக இருந்தால் 30 வோல்ட் வரை.

இதில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். விளக்கின் பெட்டியில் 12 வோல்ட் என்று எழுதியிருந்தால் காரியம் முடிந்துவிட்டது என்று எண்ணுகிறோம். அந்த 12 வோல்ட் எங்கிருந்து எப்படி வருகிறது என்பதுதான் உயிரைக் காப்பது. பாதுகாப்புத் தனிமைப்படுத்தும் ட்ரான்ஸ்போமர் என்று ஒரு வகை இருக்கிறது. அதில் 230 வோல்ட் சுருளும் 12 வோல்ட் சுருளும் ஒன்றையொன்று தொடாமல், நடுவில் பலமான காவலோடு கட்டப்பட்டிருக்கும். ஒரு பக்கம் எரிந்து கருகினாலும் மறுபக்கத்துக்கு 230 வோல்ட் தாண்டாத விதமாகச் செய்யப்பட்டது அது. அதன் தகட்டில் 61558 என்ற தர இலக்கம், 2-6 என்ற பகுதி இலக்கத்தோடு அச்சிடப்பட்டிருக்க வேண்டும். ஒட்டோ ட்ரான்ஸ்போமர் என்ற இன்னொரு வகையில் இருப்பது ஒரே சுருள்தான். வோல்டேஜைக் குறைப்பதற்கு அது போதும். ஆனால் அந்தச் சுருளில் ஓரிடம் அறுந்தால் முழு மின்சாரமும் விளக்குக்குப் போய்விடும். இரண்டையும் மேசையில் வைத்து மீற்றரால் அளந்தால் இரண்டும் 12 என்றே காட்டும்!

பெயர்ப் பலகைப் பவர் பெக்குகளில் 'ஐ.பி. 67' என்று எழுதியிருப்பதைக் காட்டி, 'இது வோட்டர்ப்ரூப்தானே' என்று கேட்பவர்களும் உண்டு. அது தண்ணீர் உள்ளே போகாது என்பதற்கான குறி. மின்சாரம் வெளியே வராது என்று அது சொல்லவில்லை. தடாகத்துக்குள் மூழ்கியிருக்கும் விளக்குக்கு வேண்டியது 8 என்று முடியும் குறி.

இன்னொரு பிழையை நல்ல பாஸ்மாரே செய்கிறார்கள். இந்த ட்ரான்ஸ்போமரின் 12 வோல்ட் பக்கத்தை 'இன்னும் பாதுகாப்பு' என்று நினைத்து ஏர்த்தோடு இணைத்துவிடுகிறார்கள். கூடவே கூடாது. அந்தப் பக்கம் எதனோடும் சேராமல் தனித்திருப்பதில்தான் அதன் பாதுகாப்பே இருக்கிறது. 12 வோல்ட் வயரையும் 230 வோல்ட் வயரையும் ஒரே குழாயில் இழுப்பதும் இதே ரகத்துப் பிழை.

பாஸ்மாரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. அவர்களுக்கு ஒரு கஷ்டம் இருக்கிறது. பழைய காலத்துத் தடாக விளக்குகள் 12 வோல்டில் 300 வாட்ஸ். அதாவது 25 அம்பியர், ஒரு விளக்குக்கு! 100 வாட்ஸ் விளக்கென்றாலும் எட்டு அம்பியருக்கு மேல். ட்ரான்ஸ்போமரை 20 மீற்றர் தள்ளி வைத்து, 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் இழுத்தால், போகவர 40 மீற்றர் வயரின் தடை ஏறத்தாழ 0.3 ஓம். அந்த வழியிலேயே இரண்டரை வோல்ட் போய்விடும். விளக்கு மங்கலாக எரியும். முதலாளி ஏசுவார். உடனே பாஸ் என்ன செய்வார்? ட்ரான்ஸ்போமரைத் தூக்கிக்கொண்டுவந்து தடாகத்துக்குப் பக்கத்திலே வைப்பார். அல்லது 230 வோல்ட் விளக்கையே வாங்கிப் பூட்டிவிடுவார். இன்றைக்கு இந்தக் கஷ்டத்துக்கு நியாயமே இல்லை. 18 வாட்ஸ் எல்.ஈ.டி. விளக்கு எடுப்பது ஒன்றரை அம்பியர் அளவு. அதே வயரில் அரை வோல்ட் கூட இழக்காது. ஆகவே ட்ரான்ஸ்போமரை மூன்றரை மீற்றருக்கு அப்பால், மழை படாத சுவரில் தாராளமாக வைக்கலாம். இரண்டாம் வலயத்துக்குள் வைத்தே ஆகவேண்டும் என்றால், அதற்கு வரும் மின்சாரம் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சினூடாக வர வேண்டும்.

(இடையில் கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணீருக்குள் எரியவென்று செய்த விளக்குகளுக்குத் தண்ணீர்தான் சூட்டைத் தணிக்கிறது. வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காகக் கவுண்டரில் ஐந்து நிமிடம் எரியவிட்டு, பிறகு 'கொம்பனி சாமான் சரியில்லை' என்று ஏச வேண்டாம்.)

பம்ப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும். விளக்கைப் போல அதை 12 வோல்டுக்குக் கொண்டுவர முடியாது. 230 வோல்டில்தான் ஓடும். உடல் இரும்பு. அதற்குள் ஓடும் தண்ணீர் நேரே பிள்ளைகள் குளிக்கும் தண்ணீர். 'ஏர்த் அடித்திருக்கிறோமே' என்று முதலாளிமார் சொல்வார்கள். கடற்கரை மணலில் அடித்த ஏர்த் கம்பியின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். பம்பின் உடலுக்கு மின்சாரம் வந்துவிட்டது. 230ஐ 20ஆல் பிரித்தால் பதினொன்றரை அம்பியர். பம்புக்குப் பூட்டியிருப்பதோ 16 அம்பியர் பிரேக்கர். அது ஏன் விழப்போகிறது? பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், உடலிலும் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். இந்த நிலையில் மின்சாரத்தை அறுக்கக்கூடியது 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் ஒன்றுதான். பழைய வீடுகளில் 100 மில்லி அம்பியர் ட்ரிப் இன்னும் இருக்கிறது. தடாகத்துக்கு அது உதவாது.

ட்ரிப் விழுந்தால் முழு விடுதியும் இருளாகிறது என்பது உண்மையான பிரச்சினைதான். அதற்கு ட்ரிப்பை நேராக்குவது பரிகாரம் இல்லை. தடாகத்துக்கு மட்டும் தனியான ட்ரிப் சுவிட்ச் ஒன்றைப் பூட்டினால் பம்ப் பழுதாகும்போது பம்ப் மட்டும் நிற்கும். அறைகளில் ஏசி ஓடிக்கொண்டிருக்கும், ஒருவரும் அறையைக் காலி செய்ய மாட்டார்கள். அந்தத் தனி ட்ரிப்புக்கு ஆகும் செலவு, தடாகம் உள்ள விடுதியில் ஓர் அறையின் ஓர் இரவு வாடகை அளவுதான். இதற்காகவா ஒரு குடும்பத்தின் உயிரோடு விளையாடுவது?

பம்பைத் தடாகத்துக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டியிருந்தால், விதிகள் அதற்கும் ஒரு வழி வைத்திருக்கின்றன. சாவியோ கருவியோ இல்லாமல் திறக்க முடியாத மூடியுள்ள அறைக்குள் வைக்க வேண்டும். அந்த மூடியைத் திறந்தாலே மின்சாரம் தானாக அறுபட வேண்டும். நமது பக்கங்களில் பம்ப் குழிகள் எப்படி இருக்கின்றன என்று நான் எழுதத் தேவையில்லை. பலகையொன்றைப் போட்டு, அதன்மேல் கல்லொன்றை வைத்திருப்பார்கள். பந்தை எடுக்கப் போகும் பிள்ளை தூக்கக்கூடிய கல்.

அடுத்தது, அந்தப் பிள்ளையைக் கடித்த ஏணி. மின்கம்பியில் காகம் உட்கார்ந்திருக்கிறது, அதற்கு ஒன்றும் ஆவதில்லை. இரண்டு காலும் ஒரே அழுத்தத்தில் இருப்பதே காரணம். தடாகத்தைச் சுற்றியுள்ள ஏணி, கைபிடி, பம்பின் உடல், கொங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி, இரும்புக் குழாய் எல்லாவற்றையும் தடித்த செப்பு வயரால் ஒன்றோடொன்று இணைத்துவிட்டால், எங்கே கை வைத்தாலும் ஒரே அழுத்தமாக இருக்கும். கொங்கிரீட் போடுமுன் செய்தால் ஒரு நாள் வேலை. போட்ட பிறகென்றால் உடைத்துத்தான் செய்ய வேண்டும். தடாகம் கட்டும் கொந்தராத்துக்காரர் மேசன் பாஸை முதல் நாளே கூட்டி வருகிறார். வயரிங் பாஸை டைல் ஒட்டிய பிறகுதான் கூட்டி வருகிறார். முதலாளிமார் இதை மாற்றிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

தடாகக் கரையில் கரோக்கே பெட்டிக்கும் கைத்தொலைபேசிக்கும் என்று நீள வயரில் மல்ரி பிளக் இழுத்துக் கொடுப்பதைப் பற்றி எழுதினால் பக்கம் போதாது. அதைச் செய்யவே கூடாது என்பதோடு விட்டுவிடுகிறேன்.

இதையெல்லாம் பார்க்க அதிகாரிகள் இல்லையா என்று சிலர் கேட்கக்கூடும். மின்னிணைப்பு எடுக்கும்போது வயரிங் பரிசோதனை அறிக்கை கேட்கிறார்கள். ஆனால் நம்மவர்களின் விடுதிகளில் பெரும்பாலானவை முன்பு வீடுகள். இணைப்பு எடுத்த காலத்தில் அங்கே தடாகம் இருக்கவில்லை. பத்து வருடம் கழித்து, உள்ளூர்க் குடும்பங்கள்கூட 'பூல் இருக்கா?' என்று முதலில் கேட்கத் தொடங்கிய பிறகு வந்தது அது. 2018இல் இருபத்து மூன்று இலட்சம் உல்லாசப் பயணிகள் வந்த நாடு இது. இடையில் பட்ட அடிகளுக்குப் பிறகு 2024இல் மீண்டும் இருபது இலட்சத்தைத் தாண்டினோம். அந்த வேகத்தில் முற்றத்துக்கு முற்றம் தோண்டப்பட்ட சிறு தடாகங்களுக்குப் புதிதாக யார் அறிக்கை கேட்டார்கள்? கேட்க வேண்டும் என்பது என் கருத்து. இணைப்பில் தடாகம் சேர்ந்தால், தகுதியுள்ள பொறியியலாளர் ஒருவரின் புதிய பரிசோதனை அறிக்கையைக் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை நாம் கைகட்டி நிற்க முடியாது என்பதாலேயே கடைக்காரர்களைப் பார்த்து எழுதுகிறேன்.

கடைக்காரரின் பதில் எனக்குத் தெரியும். நானே அதைச் சொன்னவன்தானே. 'நான் சாமான் விற்கிறேன், பூட்டுவது பாஸ். எப்படிப் பூட்டினான் என்று நான் எப்படிப் பார்ப்பது?' பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம் என்று 1896ஆம் ஆண்டிலிருந்தே இந்த நாட்டில் ஒன்று இருக்கிறது. வாங்குபவர் இன்ன வேலைக்கு என்று சொல்லி, விற்பவருடைய அறிவை நம்பி வாங்கினால், அந்தப் பொருள் அந்த வேலைக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் சட்டமும் நம் தலைக்கு மேல் இருக்கிறது. தடாகத்துக்கு என்று சொல்லிக் கேட்பவருக்குப் பெயர்ப் பலகைப் பவர் பெக்கைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, 'எனக்குத் தெரியாது' என்று நீதிமன்றத்தில் நிற்க முடியுமா? நான் பெக்கைக் கொடுக்கவில்லைதான். ஆனால் அந்தத் தம்பி நம்பி வந்தது என்னை. பாஸை அல்ல.

'நான் கொடுக்காவிட்டால் அடுத்த கடையில் வாங்குவான்' என்பது இரண்டாவது பதில். இது உண்மை. அன்றிலிருந்து என் கடையில் ட்ரான்ஸ்போமர் இல்லாமல் தடாக விளக்கை விற்பதில்லை. ஏற்கெனவே வைத்திருக்கிறேன் என்று சொல்பவர்களிடம் அதன் தகட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்கிறேன். தடாகத்துக்கென்று பம்ப் வாங்குபவருக்கு 30 மில்லி அம்பியர் ட்ரிப்பையும் சேர்த்தே விலை சொல்கிறேன். 230 வோல்டில் எரியும் தடாக விளக்குகளை இறக்குவதையே நிறுத்திவிட்டேன். வேலை செய்யப்போகும் பாஸிடம் என்.வி.கியூ. சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டு, பில்லின் பின்புறத்தில் அவருடைய பெயரையும் எழுதி வைக்கிறேன். முதல் ஆறு மாதத்தில் தடாகச் சாமான் வியாபாரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. எங்கள் தெருவிலுள்ள மற்ற இரண்டு கடைக்காரர்களிடமும் பேசினேன். ஒருவர் ஒத்துக்கொண்டு தானும் அப்படியே செய்கிறார். மற்றவர் சிரித்துவிட்டு, 'ஹாஜியார் இப்ப எஞ்சினியராகிட்டார்' என்றார். அவரோடு எனக்குக் கோபமில்லை. போன வருடம்வரை நானும் அவர் இருந்த இடத்தில்தான் இருந்தேன்.

குறைந்த வியாபாரம் முழுவதும் திரும்பி வந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று நடந்தது. நீர்கொழும்பிலும் பெந்தோட்டையிலும் பெரிய வேலை எடுக்கும் கொந்தராத்துக்காரர்கள் இருவர், 'தகட்டு இலக்கம் பார்த்துச் சாமான் தரும் கடை' என்று கேள்விப்பட்டு வரத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் விலை பேசுவதில்லை, கடனும் கேட்பதில்லை. பத்துப் பேருடைய வியாபாரத்துக்கு அவர்கள் இருவரும் சமம்.

பொத்துவில் தம்பியின் கதையை முடிக்கவில்லை. அவர் தடாகத்தைச் சுற்றி இரண்டு பக்கத்து டைலையும் உடைத்தார். ஏணி, கைபிடி, பம்ப் எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்து, புதிய ஏர்த் அடித்து, தடாகத்துக்குத் தனி ட்ரிப்பும் சரியான ட்ரான்ஸ்போமரும் பூட்டினார். முதலில் செய்திருந்தால் ஆகியிருக்கக்கூடிய செலவைப்போல நாலு மடங்குக்கு மேல் ஆனது. சாமானை நான் கொள்முதல் விலைக்கே கொடுத்தேன். அது தர்மமில்லை, என் பங்குக் கடன். குருநாகல் குடும்பத்துக்கும் தொலைபேசி எடுத்து நடந்ததைச் சொல்லி, வாடகைப் பணத்தைத் திருப்பி அனுப்பினார்.

ட்ரிப் சுவிட்சில் ரெஸ்ட் பட்டன் என்று ஒன்று இருப்பதை அவருக்குக் காட்டிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். உப்புக் காற்றில் உள்ளே இறுகிப்போகக்கூடும், அதனால் அடிக்கடி அழுத்திப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆவுக்குப் புறப்படுமுன் அழுத்திப் பார்க்கிறாராம். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அழுத்தியபோது அது விழவில்லை. தடாகத்துக்குக் கயிறு கட்டி மூடிவிட்டு எனக்குத் தொலைபேசி எடுத்தார். அன்றிரவு அக்கரைப்பற்று பஸ்ஸில் புதியதொன்றை அனுப்பி வைத்தேன்.